பெயர் தெரியாமல் தீர்ப்பு எழுதலாமா?

போன கார்த்திகையில் என் வாய்ச் சொல்லால் ஒரு பறவை செத்தது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. தப்பு என்னுடையது. அதை நம் வாசகர்களிடம் சொல்லிவிட்டால், இன்னொரு குளத்தில் இன்னொருவர் அதே தப்பைச் செய்யாமல் இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஆடலூரில் காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை என்று நாலு ஏக்கரில் பொழுது போகிறது. மலைக்குக் கீழே, சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு தம்பி இருக்கிறார். பாரம்பரிய நெல் போடுகிறவர். அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஊர்க்குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. ஒருநாள் காலையில் போன் வந்தது.

"மேனேஜர் அண்ணே, குளத்துல கருப்பா ஒரு கூட்டம் வந்து இறங்கியிருக்கு. முங்கி முங்கி எந்திரிக்குது. விட்ட குஞ்செல்லாம் போச்சுன்னா நாங்க நாலு பேரும் தெருவுலதான் நிக்கணும். நீங்க வந்து ஒரு பார்வை பாருங்கண்ணே."

மறுநாள் காலை பஸ்ஸைப் பிடித்து இறங்கிப் போனேன். கரையில் நின்று பார்த்தால், எதிரே வெயில். தண்ணீர் தகதகவென்று கண்ணைக் கூசுகிறது. நடுக்குளத்தில் பத்துப் பதினைந்து கருப்பு உருவங்கள். ஒன்று முங்கியது, கொஞ்ச நேரத்தில் எழுந்தது. நான் ஒரு நிமிஷம்கூடப் பார்த்திருக்க மாட்டேன். "நீர்க்காகம்தான்யா, சந்தேகமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அந்தத் தம்பி இயற்கை விவசாயி. விஷம் வைக்க அவருக்கு மனசு வராது. பழைய நைலான் வலை ஒன்றைக் குளத்தில் குறுக்கே கட்டினார். மாட்டினால் பிடித்துக் கொண்டுபோய் வேறெங்காவது விடலாம் என்று நினைத்தாராம். மூன்றாம் நாள் வலையில் இரண்டு மாட்டியிருந்தன. முங்கிய வாக்கிலேயே சிக்கியதால் ஒன்று மூச்சு முட்டிச் செத்துவிட்டது. இன்னொன்றை வலையை அறுத்து எடுத்தார்கள். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

குளத்துக்கு நீர்பாய்ச்சும் பெரியவர் ஒருத்தர் வந்து எட்டிப் பார்த்தார். "நாமக்கோழியைப் போயி யாருப்பா நீர்க்காகம்னு சொன்னது? இது பாசி திங்கிற சென்மம்ல!"

தம்பி தரையைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நான்தான்யா சொன்னேன்" என்றேன்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. செத்த பறவையின் இரைப்பையைக் கத்தியால் கீறிக் காட்டினார். உள்ளே பச்சைப் பசேலென்று வேலம்பாசி, கொஞ்சம் மணல். ஒரு மீன் முள்கூட இல்லை.

வங்கியில் ஒரு காசோலை வந்தால், மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுத்ததில்லை. கடைநிலை எழுத்தராக இருந்த காலத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் அந்தப் பழக்கம் மாறவில்லை. ஆயிரம் ரூபாய்க்குக் காட்டிய அந்த நிதானத்தை ஒரு உயிருக்குக் காட்டவில்லையே என்பதுதான் அன்று முழுக்க மனசை அரித்தது.

கருப்பாக இருப்பதெல்லாம் நீர்க்காகம் இல்லை

நான் எங்கே தவறினேன் என்று பிறகு நிதானமாக யோசித்தேன். பறவை பார்க்கும் நண்பர்களிடம் கேட்டேன். க. ரத்னம் எழுதிய 'தமிழ்நாட்டுப் பறவைகள்' நூலைத் தேடிப் பிடித்துப் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். குளம், குட்டை, ஏரி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது உதவும்.

முதல் தப்பு, வெயிலுக்கு எதிரே நின்றது. வெளிச்சம் பறவைக்குப் பின்னால் இருந்தால் எந்தப் பறவையும் கருப்பாகத்தான் தெரியும். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி கரையைச் சுற்றி வந்து நிற்க வேண்டும். அப்படி நின்றிருந்தால் அந்தப் பறவையின் வெள்ளை அலகும், அலகிலிருந்து நெற்றிக்கு ஏறும் வெள்ளைப் பட்டையும் பளிச்சென்று தெரிந்திருக்கும். அந்த நாமத்தை வைத்துத்தான் நம் முன்னோர் அதற்கு நாமக்கோழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, அது தண்ணீரில் எப்படி மிதக்கிறது என்று பார்க்கவில்லை. நீர்க்காகம் பாதி மூழ்கின படகு மாதிரி இருக்கும். முதுகு தண்ணீரோடு தண்ணீராக, கழுத்து மட்டும் நிமிர்ந்து தெரியும். பாம்புத்தாரா இன்னும் மோசம், உடம்பே தெரியாது. பாம்பு தலை தூக்கின மாதிரி கழுத்து மட்டும் வெளியே வரும். நாமக்கோழியோ உருண்டையாக, மேலாக மிதக்கும். நீந்தும்போது கோழி நடக்கிற மாதிரி தலையை முன்னும் பின்னும் ஆட்டும். முக்குளிப்பான் அதைவிடச் சின்னது. வால் இருக்கிற இடமே தெரியாமல் பஞ்சுருண்டை மாதிரி இருக்கும். இங்கே முங்கினால் எதிர்பாராத இன்னொரு இடத்தில் எழும்.

மூன்றாவது, அலகு. ஒரு பறவை என்ன சாப்பிடுகிறது என்று அதன் அலகைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீனைக் கவ்வும் நீர்க்காகத்துக்கு அலகின் நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கும். பாம்புத்தாராவுக்கு ஈட்டி மாதிரி நேராக, கூராக இருக்கும். வாத்துக்குத் தட்டை. நாமக்கோழிக்குக் கோழி அலகு மாதிரி சின்னதாக, தடிப்பாக இருக்கும். அது பாசியையும் நீர்ச்செடியையும் பிய்த்துத் தின்பதற்கான அலகு. நடுவில் பூச்சி, நத்தை கிடைத்தால் அதையும் விடாது. ஆனால் முக்கியமான சாப்பாடு தழைதான்.

நான்காவது, கால். செத்த பறவையைக் கையில் எடுத்தபோதுதான் இதைப் பார்த்தேன். நீர்க்காகத்துக்கு நான்கு விரலையும் சேர்த்துச் சவ்வு இருக்கும். வாத்துக்கு முன்விரல் மூன்றுக்கும் சவ்வு. நாமக்கோழியின் விரல்கள் தனித்தனியாக இருக்கும். ஒவ்வொரு விரலின் இரண்டு ஓரத்திலும் இலை இலையாகத் தோல் விரிந்திருக்கும். நீந்தவும் உதவும், சேற்றில் நடக்கவும் உதவும். அதனால்தான் அது வாத்து இனம் கிடையாது. நம் வயல் ஓரத்தில் ஓடும் கானாங்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் சொந்தக்கார இனம்.

ஐந்தாவது, நடத்தை. நீர்க்காகம் மீன் பிடித்து முடித்ததும் கல்லிலோ பட்ட மரத்திலோ உட்கார்ந்து, துணி காயப்போட்ட மாதிரி இறக்கையை விரித்து வைத்திருக்கும். நாமக்கோழி அப்படிச் செய்யாது. பறந்து கிளம்ப வேண்டுமானால் தண்ணீர் மேலேயே தடதடவென்று ஓடித்தான் எழும். அரைமணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் தானாகத் தெரிந்திருக்கும். எனக்கு டீ அவசரம்.

இன்னும் ஒன்று. ஒரே பறவை வயதுக்கும் பருவத்துக்கும் தகுந்த மாதிரி வேஷம் மாறும். வக்காவின் குஞ்சு பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும், தாய் தகப்பன் சாம்பலும் கருப்புமாக இருக்கும். இரண்டும் வேறு வேறு பறவை என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மடையான் உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், பறந்தால் வெள்ளை வெளேர். ஆகவே ஒரு அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லக்கூடாது. கையெழுத்திலும் ஒரே எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை, சுழி, சாய்வு, அழுத்தம் எல்லாம் சேர்ந்துதான் ஆளைச் சொல்லும்.

பெயரிலேயே பாடம் இருக்கிறது

நம் மொழியில் நீர்ப்பறவைகளின் பெயர்களைக் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, முக்குளிப்பான், நாமக்கோழி, ஊசிவால் வாத்து. ஒவ்வொரு பெயரும் ஒரு அடையாளக் குறிப்பு. அலகு எப்படி, என்ன தின்னும், எப்படி நீந்தும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இதைப் படித்துப் பட்டம் வாங்கினவர்கள் வைக்கவில்லை. வரப்பில் நின்றவர்களும் மடை திறந்தவர்களும் வலை வீசினவர்களும் வைத்தது. அந்தப் பெரியவருக்கு நாமக்கோழி தெரிந்திருந்தது, பட்டதாரியான எனக்குத் தெரியவில்லை. அவருக்கு அடுத்த தலைமுறைக்கு இந்தப் பெயர்கள் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று நம் ஊர்களில் கேட்டுப் பார்த்தால் கவலையாகத்தான் இருக்கிறது. எல்லாமே "கொக்கு", எல்லாமே "வாத்து" என்று ஆகிவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு ஊரில் கானாங்கோழி என்பது இன்னொரு ஊரில் வேறு பறவையாக இருக்கும். சம்புக்கோழியும் அப்படித்தான். அதனால் பெயரோடு சேர்த்து அடையாளத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முடிந்தால் போனில் ஒரு படம். படம் தெளிவில்லாவிட்டாலும் பரவாயில்லை, மிதக்கும் விதம் தெரிந்தால் போதும், விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

சரி, நீர்க்காகமாகவே இருந்திருந்தால்?

இதை எழுதப் போகிறேன் என்றதும் அந்தத் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, அது நிசமாவே நீர்க்காகமா இருந்திருந்தா வலை கட்டினது சரின்னு ஆயிருமா?" நியாயமான கேள்வி. ஆகாது என்பதுதான் என் பதில். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நீர்க்காகத்தைப் பிடிப்பதும் கொல்வதும்கூடக் குற்றம்தான். சட்டத்தை விடுங்கள். மீன் தின்னும் பறவை வந்தால் செய்வதற்கு வேறு வேலைகள் இருக்கின்றன. குஞ்சை விரல் நீளம் வளரும்வரை சின்னத் தொட்டியிலோ மேலே வலை மூடிய குட்டையிலோ வைத்திருந்து பிறகு குளத்தில் விடலாம். குளத்துக்குள் முள், கிளை போட்டு மீன் ஒளிய இடம் செய்யலாம். சின்னக் குட்டையானால் மேலே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டினால் பறவை இறங்கத் தயங்கும். என்ன பறவை என்று தெரிந்தால்தான் இதில் எது தேவை, எது வீண் செலவு என்று தெரியும். நாமக்கோழிக்கு இது எதுவுமே தேவையில்லை.

பறவை மீன் தின்பதை நஷ்டக் கணக்கில் மட்டும் எழுதுவதும் சரியில்லை. வரவுப் பக்கத்தையும் எழுத வேண்டும். அந்தக் கணக்கை 200 வருஷத்துக்கு முன்னாலேயே எழுதிவைத்தவர்கள் வேடந்தாங்கல் விவசாயிகள். அங்கே ஏரி 30 ஹெக்டேர் அளவுதான். நீர்க்கடம்பு மரங்களில் நாரையும் வக்காவும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும், நம்மிடம் கெட்ட பெயர் வாங்கிய நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. எச்சம் விழுந்து உரமான தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சி நெல் விளைவித்தார்கள் அந்த ஊர் மக்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, 1798ல் பறவைகளைப் பாதுகாக்க உத்தரவு வாங்கினார்கள். 1858ல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். அரசாங்கம் சரணாலயமாக அங்கீகரித்தது 1936ல். ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 2022ல். எல்லாவற்றுக்கும் முன்னால் விவசாயி நின்றிருக்கிறார்.

நமக்குப் பக்கத்தில் சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு ஊர் இருக்கிறது. வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்தக் குழந்தைகளுக்குப் பறவை பெயர் சொல்லித்தர யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

மேட்டில் போட்டது பள்ளத்தில் சேரும்

மேலே ஆடலூரில் இருக்கிற எனக்குக் கீழே குளத்துப் பறவை என்ன உறவு என்று கேட்கலாம். ஆடலூர், பன்றிமலை ஓடைகள் சேர்ந்துதான் குடகனாறு. அது ஆத்தூர் காமராஜர் அணைக்கு வருகிறது. திண்டுக்கல் நகரம் குடிப்பது அந்தத் தண்ணீரை. என் வாழைக்குக் கீழே நான் கொட்டுவது, மழை பெய்தால் யார் வாசலுக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. இயற்கைக்கு மாறுவதற்கு முன் முதல் இரண்டு வருஷம் நானும் வாழைக் கிழங்கைச் சுற்றிக் கார்போஃபியூரான் குருணை போட்டவன்தான். அந்தக் குருணையைத் தானியம் என்று நினைத்துக் கொத்தும் சிறு பறவை ஒரே குருணையில் சாகும் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் பறவையைத் தப்பாக அடையாளம் கண்டேன். பறவை என் விஷத்தைத் தப்பாக அடையாளம் கண்டது. இரண்டிலும் செத்தது பறவைதான்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்று ஒரு ஏரி. அங்கே கொசு மாதிரியே ஒரு சின்னப் பூச்சி. கொசு இல்லை, கடிக்கவும் கடிக்காது. கூட்டம் கூட்டமாக வந்து தொந்தரவு செய்ததால் அதை ஒழிக்க 1949ல் ஏரியில் டி.டி.டி. என்ற மருந்தை ஊற்றினார்கள். டி.டி.டி.க்குச் சொந்தக்கார மருந்து அது. 1954லும் 1957லும் மறுபடி ஊற்றினார்கள். அந்த ஏரியில் கூடு கட்டியது நம் முக்குளிப்பான் இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய பறவை. ஆயிரம் ஜோடிக்கு மேல் இருந்தது, 1960ல் முப்பது ஜோடி அளவுக்கு வந்துவிட்டது. தண்ணீரில் மருந்து பத்து லட்சத்தில் 0.02 பங்குதான். நுண்ணுயிரி, சின்ன மீன், பெரிய மீன் என்று ஏறி ஏறி, பறவையின் கொழுப்பில் 1600 பங்கு. கூட்டு வட்டி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், ஆனால் இப்படி ஒரு வட்டியை எந்தப் பேரேட்டிலும் பார்த்ததில்லை. ரேச்சல் கார்சன் 1962ல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' நூலில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். அந்த ஏரியில் முக்குளிப்பான் எத்தனை என்று யாரோ பெயர் தெரிந்து எண்ணிவைத்திருந்ததால்தான் நஷ்டமே வெளியே தெரிந்தது. "ஏதோ வாத்து" என்று விட்டிருந்தால் கணக்கே இருந்திருக்காது.

நாம் செய்யக்கூடியது

இயற்கை விவசாயத்துக்கு வந்த புதிதில் பொறிவண்டின் புழுவைப் பார்த்துப் பயந்து கரைசல் அடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அது அசுவினியைத் தின்னும் நண்பன் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டோம். நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி என்று பார்த்துப் பிரிக்கப் பழகியதுதான் நம் முதல் பாடம். அந்தப் பாடத்தை வரப்போடு நிறுத்திவிட்டோம். குளத்துக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பண்ணைக் குறிப்பேட்டில் விதைப்பு, மழை அளவு எழுதுகிற பக்கத்திலேயே இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். எந்தத் தேதி, எந்த நீர்நிலை, என்ன நிறம், எப்படி மிதந்தது, அலகு எப்படி, என்ன தின்றது, எத்தனை. பெயர் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். அப்படி எழுத வெட்கப்படாமல் இருந்தாலே போதும், என் தப்பு நடக்காது. நம் மாதக் கூட்டத்துக்கு மூத்தவர்களை அழைத்து, அவரவர் ஊர்ப் பறவைப் பெயர்களைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளலாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பு இருக்கிறது. ஜனவரி மாதம் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987லிருந்து நடக்கிறது. நம் ஊர்க் குளங்களும் அதில் ஏற வேண்டும்.

எனக்கே இது புதுப் பாடம்தான். வங்கி வேலையில் கொடைக்கானலில் இருந்தபோது தினமும் ஏரியைச் சுற்றித்தான் நடந்தேன். படகுகளைப் பார்த்தேன், படகுக்குப் போனவர்களைப் பார்த்தேன். தண்ணீரில் இருந்த பறவை ஒன்றின் பெயரைக்கூட யாரிடமும் கேட்டதில்லை.

வலையிலிருந்து அறுத்து எடுத்த அந்த இன்னொரு நாமக்கோழியைப் பெரியவர் கரையோரக் கோரையில் விட்டார். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது, பிறகு தலையை ஆட்டி ஆட்டி நீந்திப் போனது. தம்பி அன்றைக்கே வலையைச் சுருட்டிவிட்டார். குளத்தில் மண்டிக்கிடந்த வேலம்பாசியைத் தின்று தீர்க்கட்டும் என்று இப்போது அவற்றை விட்டுவிட்டார்.

சென்ற மாதம் மறுபடி அவரிடமிருந்து போன். "மேனேஜர் அண்ணே, இன்னொண்ணு புதுசா வந்திருக்கு. கால் செவப்பா, நெட்ட நெட்டையா இருக்கு. போன்லயே பேர் சொல்லிராதீங்க. வந்து அரைமணி நேரம் உக்காந்து பாருங்க."

போகத்தான் போகிறேன். இந்தத் தடவை டீயைப் பிளாஸ்கில் ஊற்றிக் கையோடு கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன்.